கெடு நேரமும் விளக்கக் குறிப்பும்

செஞ்சிக்கு வருவோர் இராசகிரிக் கோட்டையில் நெற்களஞ்சியங்களைக் காண்பர். களஞ்சியத்தில் நெல் இருந்தால் மட்டும் போதாது. உண்போர் எத்தனை பேர் என்பது உலை வைக்கும் முன்பே தெரிய வேண்டும். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்திலும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே அரிசி அளக்கப்படுகிறது.

விடுதி உணவுக்கும் இதுவே முறை. நாளைய உணவுக்கு இன்றிரவு 8 மணிக்குள் பெயர் பதிய வேண்டும் எனக் கொள்வோம். கெடுவுக்குள் பதிந்தவர் யார் என்று சரிபார்க்க ஒரு சிறு கணினி நிரல் போதும். ஆயினும் அதற்கு விளக்கக் குறிப்பு எழுதுவது நிரல் எழுதுவதைப் போன்றே பொறுப்பான பணியாகும். அதில் மூன்று செய்திகள் இன்றியமையாதவை.

முதலாவது, எல்லை. சரியாக 8.00 மணிக்குப் பதிந்தவருக்கு உணவு உண்டா, இல்லையா? 'சிறியது' என்ற குறிக்கும் 'சிறியது அல்லது சமம்' என்ற குறிக்கும் உள்ள வேறுபாடு ஒருவரின் ஒரு வேளைச் சோறாகும்.

இரண்டாவது, கடிகாரம். இணையக் கணினிகள் பல உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. இதைக் கருதாத நிரல், இரவு 8 மணிக்கு முடிய வேண்டிய பதிவைப் பின்னிரவு 1.30 வரை ஏற்கும். அதற்குள் சமையற்கூடத்துக்குக் கணக்குப் போயிருக்கும். பிந்தியவர் பெயர் பட்டியலில் இருக்கும். தட்டில் சோறு இராது.

மூன்றாவது, எடுத்துக்காட்டு. 7.59, 8.00, 8.01 ஆகிய மூன்று நேரங்களுக்கும் விடை இன்னதென்று எழுதிவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை.

நிரல் என்பது மனிதருக்கும் விளங்குமாறு எழுதப்பட வேண்டும் என்பதை டொனால்டு நூத் என்ற அறிஞர் 1984-இலேயே வலியுறுத்தினார். வீட்டில் கணினியே இல்லாத மாணவரும் படித்து, தம் பெயர் ஏன் விடுபட்டது என்று அறிந்துகொள்ளவும், தவறிருந்தால் துணிந்து கேட்கவும் இடம் தருவதே நல்ல குறிப்பு.