மின்னியாபொலிஸ் மாவாலைகளும் ரயிலில் வந்த கோதுமையும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில், மிஸ்ஸிஸிப்பி நதியின் நீர்வீழ்ச்சியொன்றை அடுத்துள்ள மின்னியாபொலிஸ் நகரத்து மாவாலைகளை முதலில் ஓட்டியது அந்நீரின் விசையே. ஆயினும் அவை பெருகியதற்கு அது மாத்திரம் காரணமன்று.

அப்பிரதேசத்தில் குளிர் கடுமையாதலால் கோதுமையை வசந்தகாலத்தில் விதைப்பர். அதன் மணி கடினமானது. மேல்தோல் எளிதில் நொறுங்கும். கல் திரிகையில் அரைக்குங்கால் தவிட்டுத்தூள் கலந்து மாவின் நிறம் கெட்டது, விலையும் குறைந்தது. 1870க்குப் பின்னர், சல்லடையாலும் காற்றாலும் தவிட்டை நீக்கும் யந்திரமும், அதன்பின் இரும்பு உருளைகளும் வழக்கத்திற்கு வந்தன. தாழ்ந்ததென இகழப்பட்ட கோதுமையே உயர்ந்த வெண்மாவைத் தந்தது.

இதனிடையே ரயில்பாதைகள் ரெட் நதிச் சமவெளிக்கும் டக்கோட்டாவிற்கும் நீண்டன. ஸ்டேஷன்கள்தோறும் தானியக் களஞ்சியங்கள் எழுந்தன. 1878 மே 2ல் வாஷ்பர்ன் 'ஏ' ஆலையில் மாவுத்தூசி வெடித்து 18 பேர் மாண்டனர்; 1880ல் அவ்வாலை மீண்டும் கட்டப்பட்டது. அதுமுதல் சுமார் 50 ஆண்டுகள் மாவரைப்பில் உலகில் அந்நகரமே முதன்மை வகித்தது.

ஆனால் தரத்தையும் எடையையும் வாங்குவோரே நிர்ணயித்தமையால் குடியானவர்கள் முறையிட்டனர். 1885ல் மாகாணச் சட்டமொன்று சர்க்கார் பரிசோதனையை ஏற்படுத்திற்று.

தூரத்து ஆலைக்குத் தானியம் விற்போர் இதனின்று அறியத்தக்கது யாதெனில்: வகைகளைக் கலவாது, தூசி நீக்கி, நன்குலர்த்தி, மூட்டை ஏற்றுமுன் தம் எதிரிலேயே நிறுத்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கிராம அதிகாரிகளும் இதனை எடுத்துரைப்பது நலம்.