விற்பனையாளர் நேர்முகத் தேர்வும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் ஊர்களிலெல்லாம், கணக்குப் புத்தகங்களை மூடியதும் அங்கத்தினர் ஒருவர் தயங்கியவாறு அருகில் வருவது வழக்கம். "பையன் நியாய விலைக் கடை வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான், பேட்டியில் என்ன கேட்பார்கள், ஐயா?" என்பார். பின்னர்க் குரலைத் தாழ்த்தி, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்றும் கேட்பார். இரண்டாம் கேள்விக்கு விடை சுருக்கமானது: எவரையும் பார்க்க வேண்டா. முதற் கேள்வியே விரித்து எழுதத்தக்கது.

2022ஆம் ஆண்டில் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் வாயிலாக நியாய விலைக் கடைகளுக்கு ஆள் எடுத்தபோது, விற்பனையாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பும் தேர்ச்சி போதும் என வகுக்கப்பட்டிருந்தது. விற்பனையாளருக்கு முதல் ஓராண்டு தொகுப்பூதியம் ரூ. 6,250. அவ்வளவே ஊதியமாயினும் பட்டதாரிகளும் திரளாக மனுச் செய்தனர். எழுத்துத் தேர்வு கிடையாது; பள்ளியில் பெற்ற மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வுமே அளவுகோல்கள். மதிப்பெண் என்றோ முடிந்துபோன காரியம். ஆகவே, மனுதாரர் கையில் எஞ்சி நிற்பது தேர்வுக் குழுவின் முன் அமரும் அந்தச் சில நிமிஷங்களே.

அந்த நிமிஷங்களில் குழுவினர் காண விரும்புவது யாது? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்டகசாலைக்கு ஆள் தெரிந்தெடுத்தபோது உடனிருந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. "50 கிலோ மூட்டை வந்து இறங்குகிறது. தராசும் 50 என்றே காட்டுகிறது. கையெழுத்திடுவீர்களா?" என்று ஒரு கேள்வி. வந்தவர்களுள் பலர், அவர்களுள் வணிகவியல் பட்டதாரிகளும் உண்டு, தயங்காமல் "இடுவேன்" என்றனர். மேலூர்ப் பக்கத்து உழவர் மகன் ஒருவர் மட்டும் சற்றே யோசித்து, "சாக்கோடா ஐயா, சாக்கு நீங்கலாகவா?" என்று திருப்பிக் கேட்டார். சணல் சாக்கு ஒன்று அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். சாக்கோடு 50 என்றால் அரிசி 50 அன்று. நூறு மூட்டைக்கு 50 கிலோவுக்கு மேல் குறையும். கமிஷன் மண்டியில் தந்தையுடன் நின்று நெல் போட்ட பையனுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

குழுத் தலைவர் விடவில்லை. "குறைகிறது என்றே வையுங்கள், என்ன செய்வீர்கள்?" என்றார். லாரி புறப்படுமுன் எடையை எழுதி, கொண்டுவந்தவரிடம் கையொப்பம் பெற்று, சங்கச் செயலாளருக்கு உடனே தெரிவிப்பதாக அவர் சொன்னார். அவருக்கு முன் வந்த ஒருவர், அட்டைக்குக் கொஞ்சம் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவருடைய சட்டை மடிப்புக் குலையாமல் இருந்தது, பேச்சும் சரளம். ஆனால் அந்த ஒரு விடைக்குப் பின் குழுவினர் அவரை வேறொன்றும் கேட்கவில்லை.

நிறை எடை என்பது நம் இயக்கத்தில் பழைய பிரச்னை. 1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தார் தம் சிறு கடையைத் திறந்ததே, கலப்படமும் குறை எடையும் கண்டு சலித்துத்தான். அங்கு முதன்முதலாக விற்பனைக்கு நிறுத்தப்பட்டவர் சாமுவேல் ஆஷ்வொர்த் என்ற இளம் நெசவாளர்.

கோ-ஆப்டெக்ஸ் போன்ற துணிக் கடைகளுக்குச் செல்லும் நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கும் இதுவே பொருந்தும். எதிரே ஒரு சேலையை வைத்து, "இதை எனக்கு விற்றுக் காட்டுங்கள்" என்பார்கள். "அருமையான சேலை, அம்மா" என்பது விற்பனையன்று. சேலையை விரித்து, முந்தானையைக் காட்டி, நூலின் தன்மையையும் துவைக்கும் முறையையும் சொல்லுதல் வேண்டும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியாயின், கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. அச்சிட்டவை அச்சாக ஒன்றுபோல் இருக்கும். வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவர் கைத்தறிக்கு ஏன் கூடுதல் விலை என்பதையும் சொல்லிவிடுவார். தெரியாத துணியாயின், "இந்த ரகம் எனக்குப் பழக்கமில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பது குறையாகாது. அச்சுச் சேலையைச் சுங்குடி என்று சாதிப்பதே குறை.

உடை, வணக்கம் முதலியவற்றைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. வெளுத்த பருத்தி உடை போதும். கடன் வாங்கிப் புதுச் சட்டை தைக்க வேண்டா. "ஐயா", "அம்மா" என்று அழைத்தால் மரியாதை நிறைவு பெறும். கூனிக் குறுகி நிற்பவரை மக்கள் நிறைந்த கடையில் எப்படி நிறுத்துவது என்றே குழுவினர் எண்ணுவர். மேலூரிலிருந்து வருபவர் மாட்டுத்தாவணியிலும், உசிலம்பட்டியிலிருந்து வருபவர் ஆரப்பாளையத்திலும் இறங்கி, இன்னொரு பேருந்து ஏற நேரும். அதற்கும் சேர்த்து நேரம் கணக்கிடுக. அசல் சான்றிதழ்களை முந்தின இரவே அடுக்கி வைத்தல் நலம்.

தரகரிடம் பணம் கொடுத்தவரின் நிலை வேறு. ஆட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் கொடுத்துவிட்டு, ரசீதின்றி வந்து அழுத பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவருடைய மகன் நல்ல மதிப்பெண் உடையவர். "பணம் கட்டியாயிற்று" என்ற தைரியத்தில் அவர் எதையும் தெரிந்துகொள்ளாமலே பேட்டிக்குப் போயிருந்தார். தம் ஊர்க் கடையில் அரிசி அட்டைக்கு எத்தனை கிலோ என்று கேட்டதற்கு, "வீட்டில் அம்மாதான் வாங்குவார்கள்" என்றாராம்.