வாசலுக்குத் தோரணம், சாமிக்கு இண்டை



தீபாவளிக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போதே நம்ம பட்டர்வொர்த் கடைகளில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்க ஆரம்பிச்சிடும். பத்து வெள்ளி கொடுத்து வாங்கி மாட்டினா அடுத்த தீபாவளி வரைக்கும் கவலை இல்லை. டிசம்பர் வந்தால் பேரங்காடி வாசல்களில் பச்சை இலையும் சிவப்பு நாடாவும் கட்டிய கிறிஸ்துமஸ் வளையங்களைப் பார்க்கிறோம். அப்போது வகுப்பில் யாராவது கேட்பாங்க: "நம்ம சமயத்துல இந்த மாதிரி வட்டமா பூ கட்டற வழக்கம் கிடையாதா? மலர்வளையம்னாலே நமக்கு இறுதிச் சடங்குதானே ஞாபகம் வருது?"

வழக்கம் இருக்கிறது. அதற்குத் தமிழில் பெயரும் இருக்கிறது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. முதலில் கொஞ்சம் படிப்போம், பிறகு கையால் செய்வோம்.

இண்டை என்றால் என்ன?

இறைவனின் திருமுடியில் சூட்டும் வட்டமான மாலைக்கு இண்டை என்று பெயர். நீளமாகத் தொங்கும் மாலை மார்புக்கு, வளையமாகச் சுற்றிய இண்டை தலைக்கு.

பண்டைத் தமிழர் பூவை வெறும் அலங்காரமாக நினைக்கவில்லை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று மூவேந்தருக்கும் அடையாளப் பூ இருந்தது. பகைவரின் ஆநிரையைக் கவரப் போனவன் வெட்சி சூடினான், வென்றவன் வாகை சூடினான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு ஒன்றில் மட்டும் 99 பூக்களின் பெயர் வரிசையாக வருகிறது. பூவைப் பார்த்தாலே ஆள் யார், வேலை என்ன என்று தெரிந்துகொண்ட சமுதாயம் நம்முடையது.

மற்றவர்களிடமும் இது உண்டு. பண்டைய கிரேக்கத்தில் ஒலிம்பிக் வெற்றியாளருக்கு ஒலிவ இலை வளையம் சூட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றும் வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் விக்கர்ன் என்ற பாதிரியார், பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதற்காக 1839ல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். பண்டிகைக்கு முன்னாடியே மனசைத் தயார் செய்வதுதான் அதன் நோக்கம். நம் தோரணத்தின் நோக்கமும் அதுதான் என்பதை மறந்துவிட்டோம்.

பூக்கட்டி நாயனாரானவர்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் 63 நாயன்மார்கள். அவர்களில் ஒருவர் திருப்புகலூர் முருக நாயனார். அவர் போருக்குப் போகவில்லை, கண்ணைப் பிடுங்கிக் கொடுக்கவில்லை, சோதனை எதுவும் வந்ததாகப் புராணம் சொல்லவில்லை. அவர் செய்த தொண்டு பூப் பறித்து மாலை கட்டியது. அவ்வளவுதான்.

ஆனால் அதை எப்படிச் செய்தார் என்று பாருங்க. விடியும் முன்னே எழுந்து குளிப்பார். அலரும் பருவத்தில் இருக்கும் பூக்களாகப் பார்த்துப் பறிப்பார். மரத்தில் பூக்கும் கோட்டுப்பூ, கொடியில் பூக்கும் கொடிப்பூ, குளத்தில் பூக்கும் நீர்ப்பூ, தரையோடு வளரும் நிலப்பூ என்று நான்கு வகையையும் வேறு வேறு கூடையில் சேர்ப்பார். தனியிடத்தில் உட்கார்ந்து கோவை, இண்டை, தாமம், கண்ணி, பிணையல், தொங்கல் என்று விதவிதமாகக் கட்டுவார். எந்த வேளைக்கு எது உரியதோ அதை அந்த வேளையில் வர்த்தமானீச்சரத்து இறைவனுக்குச் சாத்துவார். அந்தச் சன்னதி இன்றும் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருப்புகலூர்க் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. திருஞானசம்பந்தரும் அப்பரும் இவருடைய மடத்தில் வந்து தங்கினார்கள் என்றால் அந்தத் தொண்டின் மதிப்பு என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வைணவத்திலும் இதே கதைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டினார். அவர் மகள் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையின் நினைவாக இன்றும் அங்கிருந்து திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும், மதுரை கள்ளழகர் சித்திரைத் திருவிழாவுக்கும் மாலை போகிறது.

பூக்கட்டுறது பொம்பளைங்க வேலை என்று சொல்லும் தம்பிகள் இதைக் கவனிக்கணும். முருக நாயனாரும் பெரியாழ்வாரும் ஆண்கள்தான்.

ஏன் நம் கையால் செய்யணும்?

சைவ சித்தாந்தம் இறைவனை அடைய நான்கு படி சொல்கிறது: சரியை, கிரியை, யோகம், ஞானம். முதல் படியான சரியை உடம்பால் செய்யும் தொண்டு. கோயிலைப் பெருக்குவது, மெழுகுவது, பூப் பறிப்பது, மாலை கட்டுவது எல்லாம் இதில் அடங்கும். இதற்குப் பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம். நேரமும் கையும் போதும்.

இங்கேதான் பிளாஸ்டிக் தோரணத்தில் இடிக்கிறது. அது வாடாது, திரும்பத் திரும்ப வாங்க வேண்டாம், சிக்கனம் என்று சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் வாடாத தோரணம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. தூசி படிந்து, வெயிலில் வெளுத்து, இருப்பதே தெரியாமல் வாசலில் தொங்குகிறது. மாவிலை நாலு நாளில் காய்ந்துவிடும். அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும் இலை தேடணும், கழுவணும், உட்கார்ந்து கட்டணும். அந்த ஒரு மணி நேரம்தான் நாம் சாமிக்குக் கொடுக்கும் காணிக்கை. இலை அதற்கு ஒரு சாக்கு.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம்ம கோயில்களில் திருவிழா நாளில் பூக்கட்ட உட்காரும் அம்மாக்களைப் பாருங்க. பெரும்பாலும் வயசானவங்க. அவங்க பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆள் இல்லையென்றால், இந்தக் கைவேலை அவங்களோடு போய்விடும். புத்தகத்தைப் பார்த்து இதை மீட்க முடியாது.

நம்ம ஊரில் என்ன பூ இருக்கு?

மதுரை மல்லி இங்கே கப்பலிலோ விமானத்திலோ வரணும். சாமந்தி கேமரன் மலையிலிருந்து வருகிறது. ஆனால் வீட்டைச் சுற்றிப் பார்த்தாலே நாயனாரின் நான்கு கூடையில் பாதி நிரம்பும்.

வீட்டு வேலியிலும் சாலையோரத்திலும் சிவப்பாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்குமே, இட்லிப்பூ? அதுதான் சங்க இலக்கியத்து வெட்சி, முருகனுக்கு உகந்தது. தைப்பூசத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடையாது. சங்குப்பூ கொடிப்பூ. மலாய்க்காரர்களும் ஞோஞா சமையல்காரர்களும் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலச் சாயம் எடுப்பது இதில்தான். நந்தியாவட்டையும் அரளியும் செம்பருத்தியும் தாமான் வீடுகளில் சாதாரணமாக வளர்கின்றன.

பூ எடுக்கும்போது சில ஒழுங்குகள்:

பக்கத்து வீட்டுப் பூவைக் கேட்காமல் பறிக்காதீங்க. சாலையோரச் செடி பொதுச் சொத்து, அதையும் தொடவேண்டாம். இட்லிப்பூ கிளையை வெட்டி நட்டாலே வரும். அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு தொட்டி போதும்.

முகர்ந்த பூவும் தரையில் விழுந்த பூவும் பூஜைக்கு ஆகாது. பவளமல்லிக்கு மட்டும் விலக்கு. அது விடியலில் தானே உதிரும் பூ.

விநாயகருக்கு அருகம்புல், சிவனுக்கு வில்வம், பெருமாளுக்குத் துளசி. விநாயகருக்குத் துளசியும் சிவனுக்குத் தாழம்பூவும் சாத்துவதில்லை.

அரளி விஷச்செடி. தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளணும்.

செய்முறை 1: மாவிலைத் தோரணம்

வேண்டியவை: ஒரே அளவான மாவிலை 11, வாசல் அகலத்தைவிட ஒரு முழம் அதிகமான சணல் அல்லது தேங்காய்நார்க் கயிறு, தென்னை ஈர்க்கு.

இலையைக் கழுவித் துணியால் துடையுங்கள். கயிற்றின் மேல் இலையின் காம்புப் பக்கத்தை இரண்டு விரல் அளவுக்குப் பின்னால் மடியுங்கள். மடிப்பில் ஈர்க்குத் துண்டை ஊசி மாதிரி உள்ளே விட்டு வெளியே எடுத்தால் இலை கயிற்றில் நிற்கும். இலையின் நுனி கீழ்நோக்கித் தொங்கணும். இடைவெளி சமமாக இருக்க, முதலில் நடு இலையைக் குத்திவிட்டு இரண்டு பக்கமும் போங்கள். ஸ்டேப்ளர் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் காய்ந்த இலையை உரமாகப் போடும்போது கம்பி மண்ணில் கிடக்கும். ஈர்க்கே நல்லது.

செய்முறை 2: குருத்தோலைத் தோரணம்

இதற்கு விரியாத இளம் தென்னோலை வேண்டும். ஹரி ராயாவுக்கு முன் கெதுப்பாட் பின்னுவதற்காகப் பசாரில் விற்பதும் இந்த ஓலைதான். மரத்திலிருந்து எடுப்பதானால் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அதை வெட்டிவிட்டால் மரமே செத்துவிடும்.

ஓலையிலிருந்து ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஒரு முழ நீளத்துக்கு நறுக்குங்கள். கயிற்றின் மேல் பாதியாக மடித்து, ஒரு பாதியில் கயிற்றுக்குக் கீழே நகத்தால் சின்னதாகக் கீறி, மறு பாதியின் நுனியை அதற்குள் செருகி இழுங்கள். ஓலை கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். தொங்கும் நுனிகளை நார் நாராகக் கிழித்துவிட்டால் காற்றில் ஆடும்.

இது எளிய முறை. மடித்துச் செய்யும் 'குருவி' வைத்த தோரணம் தெரிந்தவர் கையைப் பார்த்துத்தான் வரும். அதில் ஒரு கணக்கும் உண்டு: மங்கல காரியத்துக்கு 4 குருவி, துக்க வீட்டுக்கு 3. தெரியாமல் மாற்றிக் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே பெரியவங்களிடம் கேட்டுக் கட்டணும்.

செய்முறை 3: இண்டை

வேண்டியவை: வாழைநார், இட்லிப்பூக் கொத்து அல்லது சின்னச் சாமந்தி, நந்தியாவட்டை, கொஞ்சம் பச்சை இலை.

வாழைமட்டையின் காய்ந்த நாரைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய இழையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பச்சை ஈர்க்கு மூன்றைச் சேர்த்து வளைத்து வட்டமாக்கி, நாரால் சுற்றிக் கட்டுங்கள். விக்கிரகத்தின் தலையைவிட ஒரு விரல் பெரிதாக இருந்தால் போதும். கலசத்துத் தேங்காயைச் சுற்றி வைப்பதானால் அந்த அளவுக்கு எடுங்கள்.

ஓர் இலை, இரண்டு மூன்று பூ என்று குட்டிக் கொத்துகளாகப் பிரித்து வையுங்கள். முதல் கொத்தை வட்டத்தின் மேல் சாய்த்து வைத்து நாரால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். நாரை அறுக்க வேண்டாம். அடுத்த கொத்தின் பூ முந்தைய கொத்தின் காம்பை மறைக்கணும். எல்லாக் கொத்தும் ஒரே பக்கமாகச் சாயணும். கடைசிக் கொத்தின் காம்பை முதல் பூவுக்கு அடியில் செருகி முடிச்சுப் போடுங்கள். தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாவிட்டால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள்.

முதல் தடவை பூ கழன்று விழும். நார் காய்ந்திருந்தால் இன்னும் அதிகமாக விழும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து நாரை நனைத்துக்கொண்டே கட்டுங்கள்.

வருஷம் முழுவதும்

தை: பொங்கலுக்கு மாவிலையோடு மஞ்சள் கொத்து. தைப்பூசத்துக்கு வெட்சி இண்டை.
சித்திரை: புத்தாண்டுக்கு மாவிலைத் தோரணம்.
வைகாசி: மூல நட்சத்திரம் முருக நாயனார் குருபூஜை. அன்று எல்லோரும் ஆளுக்கு ஓர் இண்டை கட்டலாம்.
ஆடி: அம்மனுக்கு வேப்பிலைத் தோரணம்.
ஆவணி: விநாயகர் சதுர்த்திக்கு அருகம்புல் மாலை.
புரட்டாசி: நவராத்திரிக் கலசத்துக்கு இண்டை.
ஐப்பசி: தீபாவளி நம்ம ஊரில் மழைக்காலம். தோரணத்தை முந்தின நாள் மாலை கட்டினால் போதும்.
கார்த்திகை: விளக்கு வைக்கும் நாள். காய்ந்த தோரணம் தீபத்துக்கு மேலே தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடிய பிறகு

சாமிக்குச் சாத்திக் கழித்த பூவை நிர்மால்யம் என்கிறோம். அதைக் காலில் மிதிபடும் இடத்தில் போடுவதில்லை. ஆற்றிலும் கடலிலும் பையோடு வீசுவதும் மரியாதை இல்லை. பினாங்கு மாநிலம் 2011ல் கடைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்தியது. பூஜைப் பொருளிலும் அந்த எண்ணம் வரணும். நாரும் ஈர்க்கும் மட்டும் போட்டுக் கட்டியிருந்தால், வாடிய இண்டையை அப்படியே பூச்செடித் தொட்டியில் புதைக்கலாம். அந்த மண்ணில் அடுத்த பூ வரும்.

கலந்துரையாட

1. முருக நாயனார் பூக்களை ஏன் வேறு வேறு கூடையில் பிரித்து வைத்தார்? உங்கள் அன்றாட வேலையில் இப்படிப்பட்ட கவனம் எங்கே தேவைப்படுகிறது?
2. வேலையும் படிப்பும் உள்ளவர்கள் கடையில் மாலை வாங்கிப் போடுவது தவறா? வாங்கினாலும் சரியைத் தொண்டு ஆவதற்கு என்ன செய்யலாம்?
3. உங்கள் வீட்டிலோ கோயிலிலோ பூக்கட்டத் தெரிந்த பெரியவர் யார்?

இந்த மாதப் பயிற்சி: மூன்றாவது கேள்விக்கு யார் பெயரைச் சொன்னீர்களோ, அவரிடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போய், "அம்மா, எனக்கும் கத்துக் குடுங்க" என்று கேட்டு உட்காருங்கள். கட்டிய முதல் மாலை கோணலாக இருந்தாலும் அன்றைக்கே சாமிக்குச் சாத்துங்கள்.