ஏஜென்டே மொழிபெயர்க்கலாமா?

சட்டம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைலராக இருக்கிறேன். எங்களோடு வேலை செய்யும் ஒடிசாப் பெண்ணிடம் சூப்பர்வைசர் தவறாக நடந்துகொண்டதாக வழக்கு நடக்கிறது. ஸ்டேஷனில் அந்தப் பெண் சொன்னதை, அவரை வேலைக்குக் கூட்டிவந்த ஏஜென்ட்தான் தமிழில் எடுத்துச் சொன்னார். இப்போது சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. கோர்ட்டுக்கும் தானே வருவதாக ஏஜென்ட் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கு அதில் விருப்பமில்லை. கம்பெனியில் எல்லோரும் அவரிடம் இந்தியில்தான் பேசுவார்கள். அதுவும் பாதிதான் புரியும் என்கிறார். வேறு யாரைத் தேடுவது, எங்கே தேடுவது ஐயா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: ஏஜென்ட் வேண்டாம். அவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சிக்கே போக வேண்டியதில்லை. ஆள் அனுப்பினால் அவருக்குக் கமிஷன். அதைத் தருவது கம்பெனி. குற்றம் சாட்டப்பட்டவர் அதே கம்பெனியின் சூப்பர்வைசர். புகார் கொடுத்தவரின் சாட்சியம் இப்படிப்பட்ட ஒருவர் வாய் வழியாக வந்தால், அவர் நேர்மையாகவே மொழிபெயர்த்தாலும் யார் நம்புவது? மொழி தெரியாத இடத்துக்குத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போவது நம் ஊர்ப் பழக்கம். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அது உதவி. நீதிமன்றத்தில், ‘தெரிந்தவர்’ என்பதுதான் அவரை வேண்டாம் என்று சொல்ல முதல் காரணம்.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 312-வது பிரிவு, சாட்சி வேறு மொழியில் பேசினால் முடிந்தவரை அந்த மொழியிலேயே பதிவு செய்யலாம், முடியாவிட்டால் அவர் பேசப் பேச நீதிமன்ற மொழியில் சரியான மொழிபெயர்ப்பைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்பவர் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர் என்பது 317. பழைய சட்டத்தில் இவை 277, 282. வெளியிலிருந்து அழைக்கப்படும் மொழிபெயர்ப்பாளர் 1969-ம் ஆண்டு பிரமாணச் சட்டப்படி பிரமாணமும் எடுக்க வேண்டும். எல்லாம் சரி, யார் தகுதியானவர்? அதற்கு இந்தப் பிரிவுகளில் ஒரு வரி கிடையாது. பேச்சு மொழிகளுக்கென நாடு முழுவதற்குமான கோர்ட் மொழிபெயர்ப்பாளர் தேர்வும் நம்மிடம் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் ஆவதற்கு முன்னால் திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையிலான அந்த வேலை இன்றும் நீதிமன்றங்களில் இருக்கிறது. ஒடிசாக்காரர் வந்து நின்றால்தான் ஆள் தேடும் படலம் தொடங்குகிறது.

தேடுவதற்கு முன், எந்த மொழிக்கு என்று முடிவு செய்யுங்கள். ஒடிசா என்றதும் மனுவில் ஒடியா என்று எழுதிவிட வேண்டாம். இந்தி என்று எழுதவே வேண்டாம். கந்தமால் பக்கத்துப் பெண் என்றால் வீட்டில் குயி பேசுபவராக இருக்கலாம், மயூர்பஞ்ச் என்றால் சந்தாலி. (குயி திராவிட மொழிதான், நமக்கு தூரத்துச் சொந்தம். ஆனால் கூண்டில் அந்தச் சொந்தம் உதவாது.) கோபம் வந்தால் அம்மாவிடம் எந்த மொழியில் சண்டை போடுவார் என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள். சரியான விடை அதில் வந்துவிடும்.

அடுத்து, மனு. சாட்சி சொல்ல வேண்டிய அன்று காலையில் போய்ச் சொன்னால் வாய்தா போடுவார்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் நிற்கும் வடமாநிலத்துக்காரர் யாரையாவது பிடித்து வருவார்கள். வாய்தாவால் நாள்தான் போகும், பிடித்து வரும் ஆளால் வழக்கே போகலாம். இப்போதே அந்தப் பெண்ணை உதவி அரசு வழக்கறிஞரிடம் அழைத்துப்போய், இன்ன மொழிக்கு, வழக்கில் சம்பந்தப்படாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவருக்கான கட்டணத்துக்கும் உத்தரவு வேண்டும் என்று எழுத்துமூலம் மனுப் போடச் சொல்லுங்கள். அரசு வழக்கறிஞர் தயங்கினால், நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசியில் கேட்பதானால் 15100.

ஆள் எங்கே என்பதற்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் வயதை நீங்கள் எழுதவில்லை. 18 நிறையாதவர் என்றால் வழக்கு போக்சோ சட்டத்தின் கீழ் வர வேண்டும், அப்போது வேலை எளிது. போக்சோ விதிகள் 2020-ன் 5-வது விதி, மொழிபெயர்ப்பாளர்களின் பெயர், முகவரி அடங்கிய பதிவேடு ஒன்றை ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த மொழி தாய்மொழியாகவோ, குறைந்தது தொடக்கப்பள்ளிப் படிப்பு வரை பயிற்றுமொழியாகவோ இருந்திருக்க வேண்டும், அல்லது தொழிலாலோ அந்தப் பகுதியில் வசித்தோ கற்றிருக்க வேண்டும் என்று தகுதியும் சொல்கிறது. வழக்கில் தனக்கு ஏதாவது சம்பந்தம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் இருக்கிறது. நம் சட்டங்களில் இந்த விஷயத்தை இவ்வளவு தெளிவாக எழுதிய இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. பெரியவர்களின் வழக்குக்கு இதே அளவுகோலை வைத்து மனுப் போடலாம் என்பது என் கருத்து. பதிவேட்டில் இருப்பவரை மற்ற வழக்குக்கு அழைக்கவும் தடை ஏதும் இல்லை. பதிவேடு இருப்பதும் அதில் குயி தெரிந்தவர் இருப்பதும் வேறு வேறு விஷயம் என்பதையும் மனதில் வையுங்கள்.

அங்கே கிடைக்காவிட்டால் மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தையும், புவனேஸ்வரில் உள்ள அதன் கிழக்கு மண்டல மையத்தையும் நீதிமன்றம் மூலமாகக் கேட்கலாம். ஆள் அனுப்புவது அவர்கள் வேலை இல்லை, ஆனால் மொழி தெரிந்தவர்களைத் தெரிந்தவர்கள். ஆள் புவனேஸ்வரிலேயே உட்கார்ந்து வீடியோ வழியாக மொழிபெயர்க்கவும் கேட்கலாம். சாட்சியப் பதிவை மின்னணு முறையில் நடத்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530-வது பிரிவு இடம் தருகிறது. அங்கே குயியிலிருந்து ஆங்கிலம், இங்கே ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு கை மாறும்தான். நேராக ஒருவர் கிடைப்பதுபோல் வராது. ஏஜென்டைவிட எவ்வளவோ மேல்.

ஒருவர் கிடைத்துவிட்டால், பிரமாணத்துக்கு முன் நீதிபதியே அவரிடம் சில கேள்விகள் கேட்கும்படி வேண்டிக்கொள்ளலாம். இந்த மொழியை எங்கே கற்றீர்கள், இரு தரப்பில் யாரையாவது தெரியுமா, உங்களுக்குப் பணம் தருவது யார்? பிறகு சாட்சியோடு ஊர், மழை, பயணம் என்று வழக்குக்குச் சம்பந்தமில்லாத நாலு வார்த்தை பேசச் சொன்னால், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிகிறதா என்று தெரிந்துவிடும். ‘நான் பார்த்தேன்’ என்று சாட்சி சொன்னால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான் பார்த்தேன்’ என்றே சொல்ல வேண்டும். ‘இந்தப் பெண் பார்த்ததாகச் சொல்கிறார்’ என்று ஆரம்பித்தால் உடனே தடுக்கச் சொல்லுங்கள், பின்னாலேயே அவருடைய சொந்தக் கருத்தும் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதில்தான் விழுகிறார்கள். ஏஜென்ட் ஸ்டேஷனில் சொன்னது அதே சன்ஹிதாவின் 180-வது பிரிவு வாக்குமூலமாகக் கோப்பில் கிடக்கிறது. ‘அன்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய்’ என்று குறுக்கு விசாரணையில் அதைத்தான் எடுப்பார்கள். அந்தப் பெண் அன்று அப்படிச் சொல்லாமலேயும் இருந்திருக்கலாம். அன்று மொழிபெயர்த்தது யார், அவருக்கும் கம்பெனிக்கும் என்ன தொடர்பு என்பது விசாரணை அதிகாரியின் சாட்சியத்தில் வெளிவர வேண்டும் என்று அரசு வழக்கறிஞரிடம் முன்பே சொல்லிவையுங்கள். வாரன்ட் வழக்குகளில் சாட்சியத்தை ஒலி, ஒளிப்பதிவு செய்ய 310-வது பிரிவில் வழியுண்டு. அதையும் கேளுங்கள். நாளைக்கு மொழிபெயர்ப்பில் தகராறு வந்தால் அந்தப் பெண்ணின் சொந்தக் குரல் பதிவில் இருக்கும்.

கேள்வி: அப்பா லாரி மோதி இறந்ததை நேரில் பார்த்தது என் தம்பி மட்டும்தான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவன் சைகை அம்மாவுக்குத்தான் முழுதாகப் புரியும். டிரைவர் மீதான வழக்கில் அம்மாவே பக்கத்தில் நின்று சொல்லலாமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருப்பார், இல்லையா? அப்படியென்றால் அவர் நிற்பது தம்பியின் சாட்சியத்துக்கே கேடு. ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் என்ற கொலை வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். கொலையானவரின் மனைவி கேட்கவும் பேசவும் இயலாதவர். அவருடைய சைகையை அவருடைய தந்தையே மொழிபெயர்த்தார். தந்தை வழக்கில் அக்கறை உள்ளவர், பிரமாணமும் எடுக்கவில்லை என்பதால் அந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்றது நீதிமன்றம். விடுதலை உறுதியானது. மொழிபெயர்ப்பவர் சாட்சியின் சூழலை அறிந்தவராக இருக்க வேண்டும், ஆனால் வழக்கில் அக்கறை இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன வழி. இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பது லேசில்லை.

தம்பி பள்ளிக்குப் போயிருந்தால், அங்கே சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பொருத்தமாக இருப்பார். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பேச்சு மொழிக்கு இல்லாத படிப்பு சைகை மொழிக்கு உண்டு. இந்தியச் சைகைமொழி மொழிபெயர்ப்பில் பட்டயம் பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லியில் 2015-ல் இதற்கென்றே ஆராய்ச்சி, பயிற்சி மையமும் வந்தது. உங்கள் வீட்டுச் சைகை அவர்களுக்கு உடனே பிடிபடாது. அதனால் விசாரணைக்குச் சில நாள் முன்பே, நீதிமன்ற அனுமதியோடு, மொழிபெயர்ப்பவர் தம்பியைச் சந்தித்துப் பழகட்டும். விபத்தைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. அம்மாவின் உதவி அந்தச் சந்திப்போடு நிற்கட்டும். சாட்சியத்தை வீடியோவில் பதிய வேண்டும் என்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 125-வது பிரிவு. மறந்துவிட்டால் நினைவூட்டுங்கள்.

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறேன். என் மீது ஒரு குற்ற வழக்கு. கோர்ட் ஒழுங்கு செய்த தமிழ் மொழிபெயர்ப்பாளர், நான் ஐந்து நிமிடம் கதைத்தால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுகிறார். இந்தியத் தமிழர், நான் சொல்லும் சில சொற்கள் அவருக்கு விளங்குவதில்லை. குறை சொன்னால் நீதிபதி கோபிப்பாரோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகர், கனடா)

பதில்: கோபிக்க மாட்டார். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கனடாவின் உரிமைச் சாசனம் 14-வது பிரிவில் தந்த உரிமை. 1994-ல் டிரான் வழக்கில் ஒரு வியட்நாமியருக்கு நடந்ததும் இதுதான். அவருடைய மொழிபெயர்ப்பாளரே சாட்சியாகவும் கூண்டேறி, தான் ஆங்கிலத்தில் சொன்னதைச் சுருக்கமாக மட்டும் அவருக்குச் சொன்னார். கனடா உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. மொழிபெயர்ப்பு இடைவெளி இல்லாமல், துல்லியமாக, நடுநிலையாக, தகுதியுள்ளவரால், உடனுக்குடன் நடக்க வேண்டும் என்று அளவுகோலும் வகுத்தது. சுருக்கிச் சொல்வது இதில் எதிலும் சேராது.

உங்கள் வழக்கறிஞர், அந்த மொழிபெயர்ப்பாளர் ஒன்ராறியோ அரசின் தேர்வில் தேறி அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்கட்டும். அடுத்த தவணைக்கு யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று எழுதிக் கேட்கட்டும். அதுவரை நீங்களும் ஐந்து நிமிடம் ஒரே மூச்சில் கதைக்காமல், இரண்டு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அவர் எதையாவது விட்டுவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். கோர்ட்டின் ஒலிப்பதிவில் நீங்கள் தமிழில் சொன்னதும் இருக்கும், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சும்மா இருந்துவிட்டு அப்பீலில் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.