பெரிய கண்ணா, நிறையக் கண்களா?

கேள்வி: இந்திய விமானப்படையிடம் ஃபால்கன், நேத்ரா என இரண்டு வகைப் பறக்கும் ரேடார்கள் இருக்கின்றன. முன்னது பிரம்மாண்டமான விமானம், பின்னது சிறிய பயணிகள் ஜெட். பெரியதே சிறந்தது என்றால், சின்னது எதற்கு?
- வாசகர், அரக்கோணம்

பதில்: தரையில் நிற்கும் ரேடாருக்கு முதல் எதிரி பூமியின் வளைவு. 100 மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து வரும் எதிரி விமானம், 50, 60 கிலோமீட்டருக்குள் நெருங்கிய பிறகுதான் அதன் கண்ணில் படும். ரேடாரை 9 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால், அடிவானமே ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு விலகிவிடும். இந்த ஆதாயம் இரண்டு வகைக்கும் பொது.

ஃபால்கன், ரஷ்யாவின் இல்யூஷின்-76 விமானத்தில் இஸ்ரேலிய ரேடாரைப் பொருத்தியது. முதல் விமானம் 2009-இல் வந்தது. மொத்தம் மூன்றே மூன்று. முதுகில் இருக்கும் வட்டக் குடை சுழலும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுழலாது. உள்ளே முக்கோணமாக நிற்கும் மூன்று ஆன்டெனாக்கள் ஆளுக்கு 120 பாகையைப் பார்த்துக்கொள்கின்றன. நாலாபக்கமும் ஒரே நேரத்தில் தெரியும். விமானத்துக்குள் இடமும் மின்சாரமும் தாராளம் என்பதால், போர் விமானங்களை வழிநடத்தும் அதிகாரிகள் பலர் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

நேத்ரா, பிரேசிலின் எம்ப்ராயர்-145 மீது நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கியது. முதுகில் பலகைபோல நீளும் ஆன்டெனா இரு பக்கமும் சேர்த்து 240 பாகை பார்க்கும். மூக்குப் பக்கமும் வால் பக்கமும் மறைவு. எல்லைக்கு இணையாகப் போய்வரும்போது இது பெரிய குறையில்லை, திரும்பும் நேரத்தில்தான் இடறும். ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் சுமார் ஐந்து மணி நேரம் பறக்கும். வானிலேயே நிரப்பிக்கொள்ளும் வசதியும் உண்டு.

ஒன்றுக்கு ஒன்று நிறுத்தினால் ஃபால்கன்தான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால், ஒரே பகுதியை இரவு பகலாகக் காக்க மூன்று, நான்கு விமானங்கள் மாறி மாறிப் பறக்கவேண்டும். நமக்கோ மேற்கிலும் வடக்கிலும் எல்லை. ஃபால்கன் ஒன்று பராமரிப்புக்குப் போனாலே, அந்த வகையில் மூன்றில் ஒரு பங்கு தரையில் நிற்கிறது. போரில் இழந்தால் நிலைமை இன்னும் மோசம். 2024 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ரஷ்யாவின் ஏ-50 பறக்கும் ரேடார் விமானங்களை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. சில விமானங்களே உள்ள படைக்கு ஒவ்வோர் இழப்பும் வானத்தில் ஓர் ஓட்டை.

எனவே, அடுத்த பணம், எண்ணிக்கையில் அதிகம் வாங்கக்கூடிய நடுத்தர விமானங்களுக்கே போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டன்கூட இரண்டு எஞ்சின் போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்ட ஈ-7-ஐத் தேர்ந்தெடுத்து, நான்கு எஞ்சின் ஈ-3 ரேடார் விமானங்களுக்கு 2021-இல் ஓய்வு கொடுத்தது. நாமும் ஏர்பஸ் 321 விமானங்களில் அடுத்த தலைமுறை நேத்ராவை அமைக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அரக்கோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லவேண்டும். 1999 ஜனவரி 11 அன்று, ரேடார் குடை பொருத்தி டிஆர்டிஓவின் பெங்களூரு மையம் சோதித்துவந்த ஆவ்ரோ விமானம் உங்கள் ஊர் அருகே விழுந்து நொறுங்கியது. விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக எட்டுப் பேர் உயிரிழந்தனர். அந்தத் திட்டமும் நின்றுபோனது. அதே பெங்களூரு மையம் மறுபடி முயன்று உருவாக்கிய நேத்ரா, 2017 பிப்ரவரியில் விமானப்படையில் சேர்ந்தது.