பிணநாற்றப் பூ யாரையும் தின்பதில்லை

சுமத்ரா, போர்னியோ மழைக்காடுகளின் ராஃப்ளேசியா அர்னால்டி சுமார் ஒரு மீட்டர் அகலம் விரியும். எடை ஏழு கிலோவரை போகும். அழுகிய இறைச்சியின் வீச்சம் அடிக்கும். இவ்வளவும் மெய். இவற்றோடு சேர்ந்து உலவும் கதைகளைத்தான் கொஞ்சம் சலித்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் 'பிணப்பூ'வும் இதுவும் ஒன்றே.

உண்மை: அது டைட்டன் ஆரம். அதுவும் சுமத்ராவில்தான் வளர்கிறது, அதுவும் நாறும். ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. டைட்டன் ஆரம் நம் சேனைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்தது. ஒரே பூவாகத் தெரிந்தாலும் அது ஒரு மஞ்சரி. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அதன் அடியில் ஒளிந்திருக்கும். ராஃப்ளேசியா ஒற்றைப் பூ. உலகிலேயே பெரிய தனிப்பூ என்ற பெயர் அதனால்தான் இதற்கு.

நம்பிக்கை: இவ்வளவு பெரிய பூவென்றால் செடியும் பெரிதாக இருக்கும்.

உண்மை: செடியே கண்ணுக்குத் தெரியாது. இலை, தண்டு, வேர் எதுவும் இதற்கில்லை, ஒளிச்சேர்க்கையும் செய்வதில்லை. டெட்ராஸ்டிக்மா என்னும் காட்டுக் கொடிக்குள் மெல்லிய இழைகளாகப் பரவி, அதன் நீரையும் சத்தையும் உறிஞ்சியே வாழ்கிறது. பிரண்டையும் திராட்சையும் சேர்ந்த குடும்பத்துக் கொடி அது. அதன் பட்டையைப் பிளந்துகொண்டு வரும் மொட்டு, முட்டைக்கோஸ் அளவுக்குப் பருக்கப் பல மாதங்கள் ஆகும். விரிந்த பூவின் ஆயுளோ ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

நம்பிக்கை: வாடை காட்டி ஈக்களை இழுத்து விழுங்கிவிடும்.

உண்மை: பூச்சியைச் செரிக்கும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. ஈ உயிரோடு வெளியேறினால்தான் பூவுக்கு லாபம். உள்ளேயே செத்தால் மகரந்தமும் அங்கேயே கிடக்கும்.

நம்பிக்கை: ஈக்கள் தேன் குடிக்க வருகின்றன.

உண்மை: அவை தேடி வருவது பிணத்தை. செத்த விலங்கின் உடலில் முட்டையிடும் ஈக்கள் இவை. பச்சையும் நீலமுமாக மினுங்கும். வீச்சமும், வெண்புள்ளிகள் படர்ந்த செந்நிற இதழ்களும் அவற்றை ஏமாற்றுகின்றன. பூவின் நடுக்குழியில் ஒரு வட்டுப் பகுதி உண்டு. ஆண் பூவில் அதன் விளிம்புக்கு அடியில் மகரந்தப்பைகள் இருக்கும். ஈ அந்த இடுக்கில் நுழையும்போது, பொடியாக இல்லாமல் பசையாகக் குழைந்திருக்கும் மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்ளும். பெண் பூவில் மகரந்தத்தை ஏற்கும் பகுதியும் அதே விளிம்புக்கு அடியில்தான். அங்கே போய் நுழையும் ஈயின் முதுகு சரியாக அந்த இடத்தில் உரசும். கூலி எதுவும் கிடையாது. ஏமாந்து முட்டையிட்டாலும் பொரிக்கும் புழுவுக்குத் தின்ன இறைச்சி இருக்காது.

நம்பிக்கை: ஈக்கள் மொய்த்தாலே காய் பிடித்துவிடும்.

உண்மை: ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காட்டில் இரண்டும் ஈ பறந்து எட்டும் தொலைவில், அதே சில நாட்களுக்குள் விரிந்திருக்க வேண்டும். மொட்டுகளில் பல மலராமலே கருகி அழுகிவிடுகின்றன. மலர்ந்ததற்கு ஜோடி அமைவது அபூர்வம். ஆயிரக்கணக்கான நுண்விதைகள் கொண்ட பழம் கிடைப்பது அதைவிட அபூர்வம்.

நம்பிக்கை: இதைக் கண்டுபிடித்தவர் ராஃபிள்ஸ்.

உண்மை: 1818-ல் சுமத்ராவின் பெங்கூலு பகுதியில் ஆங்கிலேய அதிகாரி ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் மேற்கொண்ட பயணத்தில் உடன் சென்றவர் மருத்துவர் ஜோசப் அர்னால்டு. பூவை முதலில் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டது ஒரு மலாய்ப் பணியாள். பூவில் ஈக்கள் மொய்த்ததை அர்னால்டு குறித்துவைத்தார். அந்த ஆண்டே காய்ச்சலில் இறந்தும்போனார். ராஃபிள்ஸ், அர்னால்டு இருவர் பெயரும் பூவுக்கு வந்தன. கூப்பிட்டுக் காட்டியவர் பெயர் வரவில்லை.

நம்பிக்கை: ராஃப்ளேசியா மொட்டு பிள்ளை பெற்றவளின் உடம்பைத் தேற்றும்.

உண்மை: மலேசியாவில் இப்படி நம்பி ராஃப்ளேசியா இனங்களின் மொட்டுகளைப் பறிப்பதுண்டு. பறித்த மொட்டோடு பல மாத வளர்ச்சி போகிறது. பக்கத்தில் விரியவிருந்த பூவுக்கு ஒரே ஜோடி அதுவாக இருந்திருந்தால், அந்தப் பூவும் வீணாகிறது. கொடியை வெட்டினாலோ, உள்ளிருக்கும் ராஃப்ளேசியாவும் அதோடு சாகும். பூச்சியைத் தின்னும் அரக்கனென்று பெயர் வாங்கிய இந்தப் பூவுக்குச் சொந்தமாகச் சோறு ஆக்கத் தெரியாது. சந்ததிக்கும் ஓர் ஈ ஏமாந்தாக வேண்டும். அஞ்ச வேண்டியது நாமல்ல, அதுதான்.