கரையில் நின்றால் எரிமலைத் தீவு தெரியுமா?

கேள்வி: ஒரகடத்தில் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஆயுத பூஜைக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு. ஆளில்லாத எரிமலைத் தீவு ஒன்றைக் கரையில் நின்றே பார்க்க ஆசை. அந்தமான் போனால் பேரன் தீவு தெரியுமா? மாமல்லபுரத்துப் பாறைகளே எரிமலைப் பாறைகள்தான் என்கிறார் உடன் வேலை செய்பவர். சரியா?
– ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: நண்பர் சொன்னது தவறு. மாமல்லபுரத்துப் பாறை, பூமிக்கடியில் ஆழத்தில் உருவாகி, மேல்மண் அரித்துப்போனதால் வெளியே வந்தது. நம் பக்கத்து மன்னார் வளைகுடாத் தீவுகளும் எரிமலைத் தீவுகளல்ல, பவளத் தீவுகள்.

பேரன் தீவு உயிருள்ள எரிமலைதான். 1787-இல் சீறியது பதிவாகியிருக்கிறது. நெடுநாள் உறங்கி 1991-இல் மறுபடி விழித்தது. ஆனால் போர்ட் பிளேரிலிருந்து சுமார் 135 கி.மீ. தள்ளி இருக்கிறது. அதன் உச்சி 354 மீட்டர். பூமி வளைந்திருப்பதால், அந்த உயரம் கடலோரத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஏறக்குறைய 70 கி.மீ. வரைதான் எட்டும். பைனாகுலர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். கப்பலிலோ படகிலோ போனாலும் இறங்க விடமாட்டார்கள்.

உங்களுக்கேற்றது கர்நாடகத்தின் மால்பே. சென்னை சென்ட்ரலில் மங்களூரு ரயிலேறி, அங்கிருந்து பஸ்ஸில் உடுப்பி போனால் மால்பே பக்கம்தான். கரையிலிருந்து ஆறேழு கி.மீ. தொலைவில் செயின்ட் மேரீஸ் தீவுகள் தெரியும். அணைந்துபோன எரிமலைக் குழம்பில் ஆனவை. வயது எட்டரை, ஒன்பது கோடி ஆண்டு. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்துச் சங்கதி.

புகை, நெருப்பு எதிர்பார்க்காதீர்கள். உயரமும் பத்து மீட்டர் அளவே. கரையிலிருந்து தென்னை முளைத்த கறுப்புக் கோடாகத்தான் தெரியும். காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து தீவின் மேல் விழும், அப்போது பாருங்கள். மாலையில் சூரியன் தீவுக்குப் பின்னால் போய்விடும். போட்டோவுக்கு அழகு, பாறை மட்டும் தெரியாது.

இவ்வளவு தூரம் போய்க் கரையிலேயே நின்றுவிடுவது வீண் என்பேன். படகேறி, அந்தத் தீவுகளில் ஒன்றான கோகனட் ஐலண்டில் இறங்குங்கள். ஐந்து முகமும் ஆறு முகமுமாகக் கல்தூண்கள் நெருக்கியடித்து நிற்கும். கோடையில் ஸ்ரீபெரும்புதூர் ஏரிச் சேறு பாளம் பாளமாக வெடிக்குமே, அதே கதைதான். இங்கே ஆறிச் சுருங்கியது லாவா. நீர் வற்றும் நேரமென்றால் அலை மூடியிருந்த தூண் தலைகளும் வெளியே வரும். பாசி வழுக்கும், செருப்பு பிடிப்பாக இருக்கட்டும்.

மழைக்காலத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். ஆயுத பூஜைக்குள் பொதுவாக ஓடத் தொடங்கிவிடும். இருந்தாலும் கடல் கொந்தளித்தால் அன்றைக்குக் கிடையாது. டிக்கெட் போடுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.